முன்னோட்டம் நீட்டிக்கப்பட்டுள்ளது

மிட்டாய்த் தெருவில் செருப்புக் கடை வைத்திருப்பவனுக்கு வேறு எது தெரியாவிட்டாலும் ஆளைக் கூப்பிடத் தெரியும். என் தாத்தா கூப்பிட்டார், உப்பா கூப்பிட்டார், நான் கூப்பிடுகிறேன். அதில் எங்களுக்கு ஒரே ஒரு ஒழுங்கு உண்டு. ஷட்டரைத் தூக்கி, சரக்கை அடுக்கி, விளக்கைப் போட்ட பிறகுதான் வாயைத் திறப்போம். பூட்டிய கடைக்கு முன்னால் நின்றுகொண்டு வாங்க வாங்க என்று ஒருவன் கத்தினால், கோழிக்கோட்டில் அவனுடைய வீட்டார் வந்து பக்குவமாகக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதையே வேலையாகச் செய்ய அரசாங்கம் ஒரு மிஷன் தொடங்கி, பைபாஸ் ஓரம் கண்ணாடிக் கட்டடமும் கட்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

என் கடைக்கு மேலே செருப்புப் பெட்டிகள் அடுக்கும் குடோனை ஒட்டி ஓர் அறை. அதில் வாடகைக்கு இருந்தவள் ஷிம்னா, பேரோக்கைச் சேர்ந்த பெண். தனியாளாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தாள். எங்கள் ஊர்த் தனியார் பஸ்ஸில் கதவைப் பிடித்துத் தொங்கியபடி ஆளை ஏற்றி இறக்குகிறவனுக்குக் கிளி என்று பேர். அந்த விளையாட்டில் நீங்கள்தான் கிளி. மீன்கூடைக்காரியை ஏற்றவேண்டும், சலுகைக் கட்டணப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றாமல் தப்பிக்கப் பார்க்கவேண்டும், பின்னால் துரத்தி வரும் பஸ் முந்துவதற்குள் மணிக் கயிற்றை இழுக்கவேண்டும். ஒரு மணி என்றால் நில், இரண்டு மணி என்றால் போ. எங்கள் ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் இது தெரியும். அதனால் விளையாட்டுக்கு ‘டபுள் பெல்’ என்று பேர் வைத்திருந்தாள். சத்தம் பதிவு செய்ய, உடைத்துப் போட்ட ஒரு பஸ்ஸின் மணியைக் கயிற்றோடு வாங்கி வந்து ஜன்னலில் கட்டியிருந்தாள். கடை வாசலில் தயங்கி நின்ற வாடிக்கைக்காரர்கள் அந்த இரட்டை மணி கேட்டுத் திடுக்கிட்டு நடையைக் கட்டியதில் எனக்குக் கொஞ்சம் நஷ்டம் உண்டு.

விளையாட்டு அநேகமாக முடிந்துவிட்டது. மழையில் போகும் கடைசி டிரிப் மட்டும் பாக்கி. அந்த நேரத்தில்தான் ‘மாநில எண்மக் கேளிக்கை முன்னேற்ற மிஷன்’ அவளைத் தேர்ந்தெடுத்தது. நல்ல கம்ப்யூட்டர், ஏசி அறை, உலகம் முழுக்க விளையாட்டு விற்கிற தளத்தில் வெளியிட்டுத் தரும் பொறுப்பு, எல்லாம் மிஷனுடையது. பதிலுக்கு ஒரு கையெழுத்து. மிஷன் அறிவிக்கும் விளையாட்டை மிஷன் மட்டுமே வெளியிடும். நான் கடையில் இல்லாத நேரம் பார்த்துப் போட்டுவிட்டு வந்தாள். இருந்திருந்தால் பேனாவை ஒளித்து வைத்திருப்பேன்.

இயக்குநர் டாக்டர் சுகதன் அதற்கு முன்பு மீன் வளர்ப்பில் இருந்தவர். அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் ஒரே ஒரு மீன். திட்டத் தொடக்க விழாவில் குத்துவிளக்கு ஏற்றிய பிறகு அவர் பேசியதை நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

“குளத்துல மீன் இருக்கா இல்லையான்னு பாக்காதீங்க. பொரியைப் போடுங்க. போட்டுக்கிட்டே இருங்க. விளையாட்டை யார் வேணா செய்யலாம், அது வெறும் உழைப்பு. அறிவிப்புதான் கலை. நல்லாக் கேட்டுக்கோங்க, அறிவிக்காத விளையாட்டுன்னு ஒண்ணு உலகத்துல கிடையவே கிடையாது. எங்க மிஷனைப் பொறுத்தவரைக்கும் அது பொறக்கவே இல்ல.”

எல்லாரும் கைதட்டினார்கள். மிஷனின் இணையப் பக்கத்தில் அந்தப் பேச்சை இசை சேர்த்துப் போட்டார்கள்.

ஷிம்னாவுக்கு ஒரு விளம்பர ஆலோசகரையும் கொடுத்தார்கள். பேர் ரோஷித். அதற்கு முன் கல்யாணத்துக்கு ‘சேவ் த டேட்’ வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். மணமக்களைச் சேற்றில் புரட்டியும் தென்னை மரத்தில் ஏற்றியும் எடுத்த வீடியோக்களால் வடகரை வரைக்கும் பிரபலம். முதல் நாளே விளையாட்டின் பேரை மாற்றினான். ‘டபுள் பெல்’ என்று தேடினால் பள்ளிக்கூட மணி வருகிறதாம். புதுப் பேர் ‘கிளி ரைசிங்’. இரண்டாம் நாள், காக்கிச் சட்டையோடு அவளைக் கப்பாடு கடலில் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, கையில் மணிக் கயிற்றைக் கொடுத்து, அடிவானத்தை ஏக்கத்தோடு பார்க்கச் சொன்னான். அவள் எதற்கு என்று கேட்டாள்.

“சேவ் த டேட் ஷிம்னா சேச்சி. எல்லாருக்கும் எடுக்கிறதுதானே.”

“விளையாட்டு வெளிவர்ற தேதியே இன்னும் முடிவாகலயே.”

“தேதி பின்னாடி வரட்டும். ஜனங்க இப்பவே சேவ் பண்ணி வெக்கட்டும்.”

அன்று அவள் ஈரத் துணியோடு என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒரு சுலைமானி டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்து டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, கடைசி டிரிப்பில் மழை பெய்தாகிவிட்டது, இனிக் கடைசி ஸ்டாப்பில் ஆட்கள் இறங்குவதை மட்டும் எழுதிவிட்டால் முடிந்தது என்றாள். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். யாரும் கூப்பிடாமல் இருந்தால் சீக்கிரம் என்றாள்.

கூப்பிட்டார்கள். தினமும் ஒரு போஸ்ட் வேண்டும், அதை எடுத்த விதம் பற்றி இன்னொரு போஸ்ட் வேண்டும். வாரா வாரம் மதிப்பீட்டுக் கூட்டம். அதில் விளையாட்டு எதுவரை வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பார்த்துவிட்டு நின்றார்கள், நின்றவர்களில் எத்தனை பேர் இதயம் போட்டார்கள் என்று கேட்டார்கள். முதல் போஸ்டர் வெளியீட்டுக்கு வரவேற்புக் குழு அமைத்தார்கள். அந்தப் போஸ்டர் வெளியாகப் போகிறது என்று சொல்லும் போஸ்டரை அதற்கு முந்தைய வாரமே எம்.எல்.ஏ. வெளியிட்டார். அவருக்கு ஒரு பொன்னாடை, ஷிம்னாவுக்கு ஒரு பொன்னாடை. அவளிடம் சேர்ந்த பொன்னாடைகளைக் குடோனில் செருப்புப் பெட்டிகளுக்குத் தூசு படியாமல் போர்த்திவிட்டேன். நல்ல துணி.

நடுவில் திருச்சூர்ப் பக்கமிருந்து ஒரு பையனை வரவழைத்தார்கள். பிறர் செய்த விளையாட்டை ஆடிக்கொண்டே அலறுவது அவன் தொழில். அவன் அலறினால் லட்சம் பேர் பார்ப்பார்கள். ஆடுவதற்கு ஒரு கட்டணம், சும்மா பார்ப்பதற்கு ஒரு கட்டணம் என்றான். எங்கள் ஊரில் லாரியிலிருந்து அடுத்தவன் சரக்கு இறக்குவதைப் பார்த்து நிற்பதற்கே நோக்குக்கூலி வாங்கிய காலம் உண்டு. அது சட்டவிரோதம் என்று அறிவித்து ஒழித்தார்கள். ஒழிந்தது எங்கே போயிற்று என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்து வந்தவர் பஸ் தொழிலாளர் சங்கச் செயலாளர் அசைனார்க்கா. போஸ்டரைப் பார்த்துவிட்டு நேரே மிஷனுக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிளி என்ற சொல் தொழிலாளியை இழிவுபடுத்துகிறது, டோர் செக்கர் என்று திருத்தவேண்டும் என்றார். பேரில் கிளி இருந்தால்தான் தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும் என்று ரோஷித் கெஞ்சினான். முடிவில் பேர் அப்படியே இருக்கட்டும், கிளி மட்டும் கெட்ட வார்த்தை பேசக்கூடாது என்று ஒப்பந்தமாயிற்று. அசைனார்க்காவை உள்ளடக்கக் கண்காணிப்புக் குழுவிலும் சேர்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு விளையாட்டில் உள்ள கிளி, “மாண்புமிகு பயணிகள் அருள்கூர்ந்து பின்பக்கம் நகரவும்” என்று சொல்லத் தொடங்கினான். அப்படிச் சொல்கிற கிளியை எங்கள் ஊரில் பார்த்தால் பயணிகள் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

“மீசையும் வெக்கணும் மோளே,” என்றார் அசைனார்க்கா, போகும்போது ஷிம்னாவைப் பார்த்து. “நான் கிளியா இருந்தப்ப வெச்சிருந்தேன்.”

இதையெல்லாம் ஷிம்னா தாங்கிக்கொண்டாள். கடைசியாக மிஷன் கேட்டதுதான் விளையாட்டின் கழுத்தை நெரித்தது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ‘இந்த மகிழ்ச்சியை நண்பர்களோடு பகிர்க’ என்று ஒரு பலகை திரையில் வரவேண்டும். பகிர்ந்தால்தான் விலகும். அவள் வேண்டாமென்று சொல்லிப் பார்த்தாள். பகிர்வு எண்ணிக்கை இல்லாமல் ஆண்டறிக்கை எழுதமுடியாது என்றார்கள். பலகையை வைத்தாள். வைத்த நாளிலிருந்து கடைசி ஸ்டாப்பில் ஒருவரும் இறங்கவில்லை. பஸ் நிற்கும், மழை பெய்யும், மீன்கூடைக்காரி முதல் தூங்குமூஞ்சி வரைக்கும் எல்லாரும் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கிளி மணியை அடித்துக்கொண்டே இருப்பான். பலகை எங்கே, எப்படிச் சிக்குகிறது என்று தேட அவளுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு வேண்டும். மதிப்பீட்டுக் கூட்டத்தில் எழுந்து கேட்டாள்.

டாக்டர் சுகதன் வருத்தத்தோடு அவளைப் பார்த்தாராம். “நீ விளையாட்டு செஞ்சுக்கிட்டு உக்காந்தா, விளையாட்டு வேலையை யாரும்மா பாக்கிறது?”

அன்று மாலை ஸ்டூலில் உட்கார்ந்து இதைச் சொன்னாள். அழவில்லை. இதையும் ஒரு போஸ்டாகப் போடச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது என்றாள்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும் இக்கா. யாராவது ஒருத்தர் அந்தக் கடைசி டிரிப்பைக் கடைசி வரைக்கும் ஆடணும். அதுல ஏறினவங்க வீட்டுக்குப் போய்ச் சேரணும். நாலு வருஷமா அவங்களைச் சுமந்துக்கிட்டிருக்கேன்.”

ஒரு ஜோடி நல்ல செருப்பை எடுத்துக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

டவுன் ஹாலில் ‘மாபெரும் முன்னோட்டத் திறப்பு விழா’ நடந்தது. செண்டை மேளம், ஃப்ளெக்ஸ் பலகையில் டாக்டர் சுகதன் படம், அவர் தோளுக்குப் பின்னால் கொஞ்சம் பஸ். திரையில் அவரே விளையாடி உலகத்துக்குக் காட்டுவதாக ஏற்பாடு. ஷிம்னா ஓடி வந்து, முதல் டிரிப்பை ஆடுங்கள் சார், கடைசியைத் தொடவேண்டாம் என்று காதில் சொன்னாள். முதல் என்பது இயக்குநர் பதவிக்குப் பொருந்தாது என்று கடைசியையே தேர்ந்தெடுத்தார்.

பஸ் மழையில் அழகாகப் போயிற்று. கடைசி ஸ்டாப்பில் நின்றது. அவர் மணியடித்தார். ஒருவரும் இறங்கவில்லை. மறுபடி அடித்தார். கிளி அருள்கூர்ந்து இறங்கவும் என்றான். பயணிகள் அவரையே பார்த்தார்கள், அவர் பயணிகளைப் பார்த்தார், நாங்கள் எல்லாரையும் பார்த்தோம். பின்வரிசையில் அசைனார்க்கா மட்டும் எழுந்து நின்று, இறங்கச் சொல்லுடா என்று தன்னை மறந்து பழைய கிளி பாஷையில் சேர்த்துச் சொன்ன வார்த்தைகளை நான் இங்கே எழுதமுடியாது. கண்காணிப்புக் குழு உறுப்பினர் அவர்.

வேறு யாராவது என்றால் விளக்கை அணைத்திருப்பார்கள். டாக்டர் சுகதன் மைக்கைப் பிடித்தார்.

“நண்பர்களே, இது பிழை இல்ல, இது நம்பிக்கை. இந்தப் பயணிகளுக்கு எறங்க மனசு வரல. போய்ச் சேர்றது முக்கியமா? இல்ல. நம்ம மிஷனும் அப்படித்தான். எங்களோட ஏறின யாரும் இதுவரைக்கும் எறங்கினதில்ல.”

இறங்காத பயணிகளையும் மணியடிக்கும் இயக்குநரையும் யாரோ படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் மலையாளம் தெரிந்த எல்லாரும் அதைப் பார்த்திருந்தார்கள். தெரியாதவர்களும் பார்த்தார்கள், அதற்கு பாஷை எதற்கு? விஷ்லிஸ்ட் என்று ஒன்று உண்டு, வெளிவந்ததும் வாங்க விரும்புகிறவர்கள் பேர் பதிவது. அது மூச்சு முட்டும் அளவுக்கு நிறைந்தது. மிஷனில் பாயசம் வைத்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன. பயணிகள் இறங்காததே இந்த விளையாட்டின் அடையாளம், அதைத் திருத்தக்கூடாது. பகிர்வுப் பலகையின் மேல் கை வைக்கக்கூடாது. மூன்றாவது, முன்னோட்டக் காலம் இவ்வளவு வெற்றிகரமாக இருப்பதால் அது நீட்டிக்கப்படுகிறது. எதுவரை என்று ஷிம்னா கேட்டாள்.

“வெளியிட்டா முன்னோட்டம் முடிஞ்சுடுமேம்மா,” என்றார் டாக்டர் சுகதன். “ஓடிக்கிட்டிருக்கிறதை யாராவது நிறுத்துவாங்களா?”

அப்போதுதான் நான் வெள்ளை வேட்டியை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, ஒரு டப்பா கறுப்பு ஹல்வாவோடு பைபாஸ் கட்டடத்துக்குப் போனேன். ஷிம்னாவின் மூத்தாப்பா, அதாவது பெரியப்பா முறை என்று வாசலில் சொன்னேன். எங்கள் தெருவில் பேரம் தெரிந்தவர்கள் தங்களுக்கு வேண்டிய செருப்பை முதலில் தொடமாட்டார்கள். அலமாரியின் உச்சியில் இருப்பதைக் காட்டி விலை கேட்பார்கள்.

“அந்த ‘கிளி ரைசிங்’ முழுசையும் பொண்ணுகிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க சாரே,” என்றேன்.

அவர் சிரித்தார். அது மிஷனின் முகம், அதைக் கொடுக்கமுடியாது என்றார். போஸ்டர்களை? முடியாது. கடலில் நின்ற வீடியோவை? அது பாடத்திட்டத்தில் சேரப்போகிறது. பேரையாவது? பேரில்தான் எல்லாமே இருக்கிறது. நான் ஒவ்வொன்றுக்கும் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கப் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் எழுந்திருப்பதுபோல் எழுந்து, கதவருகில் நின்று, அலமாரிக்கு அடியில் கிடந்ததைத் தொட்டேன்.

“அப்ப பாவம், வெறுங்கையோட போகணுமா சாரே? போஸ்டர் ஒட்டாத, போஸ்ட் போடாத, யாரும் பேர் கேக்காத பழைய சாமான் ஏதாவது கெடக்கும்ல? குடோன்ல ஒத்தச் செருப்பு கெடக்கிற மாதிரி. நீங்க அறிவிக்காத விளையாட்டு.”

“அறிவிக்காத விளையாட்டுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு நான் மேடையிலேயே சொன்னேனே இக்கா.”

“அதனாலதான் கேக்கிறேன். இல்லாததை அவ எடுத்துக்கிட்டா மிஷனுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?”

“இல்லாததுக்கு என்ன ஆட்சேபணை? பரிதாபந்தான்.”

“இதை நாலு பேர் கேக்கணும் சாரே. இவ்வளவு பெரிய தத்துவம், மீன் மட்டும் கேட்டா போதுமா? ரோஷித்தைக் கூப்பிடலாமே.”

ரோஷித் வந்து விளக்குகளைப் பொருத்தினான். அறிவிக்கப்படாத எதன் மீதும் மிஷனுக்கு உரிமையில்லை, அக்கறையில்லை, அதை யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம் என்று டாக்டர் சுகதன் மூன்று கோணங்களில் சொன்னார். மூன்றாவது கோணத்தில் கண் கலங்கியது. மிஷனின் பக்கத்திலேயே அதைப் போட்டார்கள். நான் ஹல்வா டப்பாவை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மலிவாக முடிந்த வியாபாரம். மிஷன் அறிவித்ததெல்லாம் ‘கிளி ரைசிங்’தான், ‘டபுள் பெல்’ என்று ஒன்றை அவர்கள் அறிவித்ததே இல்லை.

ஷிம்னா மிஷனின் அறையைக் காலி செய்துவிட்டுக் குடோனுக்கே திரும்பினாள். சத்தம் போடும் தன் பழைய கம்ப்யூட்டரில், அருள்கூர்ந்து பேசும் கிளியைத் தூக்கியெறிந்தாள். பகிர்வுப் பலகையைப் பிடுங்கினாள். பிடுங்கின பிறகு திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. அந்தப் பலகை கண்ணுக்குத் தெரியாமல் கடைசிக் கதவின் குறுக்கே நின்றுகொண்டு, யாராவது பகிர்வார்கள் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

என்னை மேலே கூப்பிட்டாள். ஒரு பொன்னாடையை விலக்கிப் பெட்டிமேல் உட்கார்ந்து பார்த்தேன். மழையில் பஸ் நின்றது. கதவு திறந்தது. மீன்கூடைக்காரி முதலில் கூடையை இறக்கிவிட்டுத் தானும் இறங்கினாள். பிள்ளைகள் குதித்தார்கள். தூங்குமூஞ்சியைக் கிளி தோளைத் தட்டி எழுப்ப, அவன் தன் குடையை மறந்து இறங்கிப்போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனான். வண்டி காலியாயிற்று. கிளி படியில் உட்கார்ந்து கால் நீட்டினான்.

“எறங்கிட்டாங்க இக்கா,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பழைய பேரையே வைத்து, தன் பேரிலேயே, போனிலும் ஆடும்படி தளத்தில் ஏற்றினாள். மணிக் கயிற்றை இரண்டு முறை இழுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, ஒரு வார்த்தை வெளியே போகக்கூடாது, அறிவித்தால் அது மிஷனுடையதாகிவிடும் என்று எச்சரித்தாள். மூன்று தலைமுறையாகக் கூப்பிட்டே பிழைத்த குடும்பம் எங்களுடையது. மேலே நல்ல சரக்கு இருக்கிறது, கடை திறந்திருக்கிறது, நான் வாயை மூடிக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்கவேண்டும்.

தாங்கமுடியாமல் அசைனார்க்காவிடம் மட்டும் சொன்னேன், யாரிடமும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு. தொழிற்சங்கச் செயலாளரிடம் அப்படிச் சொல்வது அறிவிப்பில் சேராது, வம்பில்தான் சேரும். கடை ஸ்டூலில் உட்கார்ந்து போனில் கடைசி டிரிப்பை ஆடினார். கிளி வாயைத் திறந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வண்டி காலியானதும் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

“மீசை இல்ல,” என்றார். “ஆனா வாய் சரியா இருக்கு.”

அடுத்த சில நாட்களில் புதிய பஸ் ஸ்டாண்டில் வண்டி கிளம்பக் காத்திருந்த கிளிகள் எல்லாரும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து பயணிகளுக்கு, பயணிகளிடமிருந்து வளைகுடாவில் இருக்கும் மச்சான்களுக்கு. பெரிய கூட்டமென்று சொல்லமாட்டேன். ஆனால் வந்தவர்கள் கடைசி வரைக்கும் ஆடினார்கள். ஷிம்னா அடுத்த விளையாட்டைத் தொடங்கிவிட்டாள். என்ன என்று என்னிடமும் சொல்லவில்லை.

மிஷனுக்கு இந்த வருடம் சிறந்த முன்னோட்டத்துக்கான விருது கிடைத்தது. ‘கிளி ரைசிங்’ இன்னும் வரவில்லை, வரப்போவதாக எல்லா ஊரிலும் ஃப்ளெக்ஸ் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை டாக்டர் சுகதனே என் கடைக்கு வந்தார். கோபமாக வருவார் என்று நினைத்தேன். வாயெல்லாம் சிரிப்பாக ஏணியேறி மேலே போனார். நானும் பின்னால் போனேன். அறிவிக்காமலே ஒரு விளையாட்டு ஓடுகிறதென்று கேள்விப்பட்டாராம். மிஷன் இப்போது ‘அறிவிக்காமை ஊக்குவிப்புத் திட்டம்’ தொடங்குகிறது. அதன் முகமாக ஷிம்னா இருக்கவேண்டும். அறிவிக்காமையை விளக்கும் போஸ்டரை அமைச்சர் வெளியிடுவார். வரவேற்புக் குழு தயார். ரோஷித் ஒரு மலையுச்சி பார்த்து வைத்திருக்கிறான். முன்னோட்டம் மட்டும் ஆறு மாதம்.

ஷிம்னா குறுக்கே பேசவில்லை. மரியாதையாக முழுவதும் கேட்டாள். அவர் பொன்னாடையைப் பையிலிருந்து எடுத்தபோது, கையை நீட்டி ஜன்னலில் இருந்த மணிக் கயிற்றை இரண்டு முறை இழுத்தாள்.

டாக்டர் சுகதன் ஆயிரம் மிஷனில் இருந்தாலும் கோழிக்கோட்டில் பஸ் ஏறி வளர்ந்தவர். மணி ஓய்வதற்குள் கால் தானாக ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தது. தெருவுக்குப் போன பிறகுதான் நின்று, எதற்காக இறங்கினோம் என்று யோசித்தார்.

நான் கடை வாசலுக்கு வந்து, வாங்க சாரே, நல்ல செருப்பு இருக்கு என்று கூப்பிட்டேன். ஷட்டர் திறந்துதானே இருந்தது.